பிழையும் நாப்பழக்கம்: வேலையில் இருக்கும் இன்டர்பிரட்டர் தன்னைத் திருத்திக்கொள்வது எப்படி

ஏழு வருடமாக ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

ஒரு மருத்துவமனையில் வயதான அம்மா ஒருவர் டாக்டரிடம், "எழும்பினா மயக்கமாக் கிடக்கு" என்றார். இருவருக்கும் நடுவில் இன்டர்பிரட்டராக இருந்த நான், வழக்கம்போல ஆங்கிலத்தில் 'ஃபெயின்டிங்' என்றேன். எத்தனை முறை விழுந்தீர்கள், நினைவு தப்பியதா, இதயக் கோளாறு உண்டா என்று டாக்டர் கேள்விகளை அடுக்கத் தொடங்கினார். அந்த அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த மச்சாள் பல காலம் தாதியாக வேலை பார்த்தவர். அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, அவ மயங்கி விழேல்லை. தலை சுத்துது எண்டுதான் சொல்லுறா."

நினைவு தப்புவதும் மயக்கம்தான், தலை கிறுகிறுப்பதும் மயக்கம்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல், டாக்டருக்கோ இரண்டும் வேறு வேறு பாதை. அங்கேயே "உரைபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறார்" என்று டாக்டரிடம் சொல்லிச் சரிசெய்தேன். ஆனால் அதற்கு முந்தைய ஏழு வருடத்தில் எத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்து மயக்கம் என்று சொல்லியிருப்பார்கள்? அவர்களுக்கு நான் எந்தச் சொல்லைக் கொடுத்தேன்? அந்தக் கேள்வியோடுதான் அன்று வீடு திரும்பினேன்.

தச்சர் செய்த கதவு சாத்தவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். நம் வேலையில் பிழை கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள் பெரும்பாலும் நாம் ஒருவர்தான். டாக்டர் நன்றி சொல்கிறார், நோயாளி கும்பிடுகிறார், ஏஜென்சி அடுத்த வேலையை அனுப்புகிறது. எல்லாம் சரியாக நடப்பதுபோலத்தான் இருக்கும். தமிழ் நாப்பழக்கம் என்றால் பிழையும் நாப்பழக்கம்தான். வருடம் ஏற ஏற அது இன்னும் சரளமாக வரும்.

ஆகவே பயிற்சி, வகுப்பு, கருவி, சான்றிதழ் என்று நமக்குச் சொல்லப்படும் எதையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இது என் பிழையை எனக்குக் காட்டுமா? கீழே எழுதியிருப்பவை அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொன்னவை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன். (நம் வேலைக்கு உரைபெயர்ப்பு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. நடைமுறையில் எல்லோரும் இன்டர்பிரட்டர் என்றே கூப்பிடுவதால் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.)

உங்கள் குரலை நீங்களே கேளுங்கள்

முதலில் ஓர் எச்சரிக்கை. வேலை நடக்கும்போது பதிவு செய்யவே கூடாது. நோயாளியின் பேச்சும் சாட்சியின் பேச்சும் நம்முடையவை அல்ல. பயிற்சிக்குப் பொதுவில் கிடைக்கும் உரைகள் போதும், அவை நிறையவே இருக்கின்றன.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பழக ஐரோப்பிய ஒன்றியத்தின் ஸ்பீச் ரெபாசிட்டரி நல்ல இடம். உரைபெயர்ப்புப் பயிற்சிக்கென்றே பேசிப் பதிவு செய்த உரைகளை எளிதிலிருந்து மிகக் கடினம் வரை தரம் பிரித்து இலவசமாகத் தருகிறார்கள். ஐ.நா. வெப் டிவியில் அசல் பேச்சையும் ஐ.நா.வின் ஆறு மொழிகளில் நடக்கும் உரைபெயர்ப்பையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். அந்த ஆறில் தமிழ் இல்லை. ஆனாலும் வேகமாகப் பேசும் ஒருவரை ஆங்கிலக் கூண்டில் (உரைபெயர்ப்பாளர் உட்கார்ந்து பேசும் சின்ன அறை) இருப்பவர் எங்கே சுருக்குகிறார், எங்கே காத்திருக்கிறார் என்று கவனிப்பதே ஒரு பாடம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு என்றால் சிங்கப்பூர் நாடாளுமன்றப் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். அங்கே உறுப்பினர்கள் தமிழிலும் பேசலாம், அது உடனுக்குடன் ஆங்கிலத்தில் உரைபெயர்க்கப்படுகிறது.

நான் செய்வது இதுதான். ஐந்து நிமிட உரை ஒன்றை எடுப்பேன், அதற்கு மேல் வேண்டாம். காதில் அசல், போனில் என் குரல் மட்டும் பதிவாகும். முடித்த கையோடு கேட்க மாட்டேன், ஏனென்றால் சொல்ல நினைத்தது இன்னும் மனதில் இருக்கும், காது அதைத்தான் கேட்கும். மறுநாள், அசலைத் தொடாமல் என் பதிவை மட்டும் முதலில் கேட்பேன். வேறொருவர் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும். வாக்கியம் முடிகிறதா? எழுவாயும் வினையும் ஒட்டுகின்றனவா? கேட்பவருக்கு மூச்சு முட்டுகிறதா? பிறகு அசலோடு ஒப்பிட்டு ஒரு தாளில் மூன்று பத்தி போடுவேன்: விட்டது, சேர்த்தது, மாற்றியது.

முதல் தடவை கேட்டபோது ஐந்து நிமிடத்தில் 31 முறை 'வந்து' என்றிருந்தேன். அதைவிட உறுத்தியது சேர்த்தது என்ற பத்திதான். பேசியவர் சொல்லாத 'கண்டிப்பாக', 'ரொம்ப', 'கவலைப்படாதீங்க' எல்லாம் அதில் இருந்தன. அன்பாகச் சொல்கிறோம் என்று நினைத்துப் பேசியவரின் வாயில் நம் சொல்லை வைத்துவிடுகிறோம். டாக்டர் உறுதி தராத இடத்தில் நான் உறுதி தந்திருந்தால்?

இன்னொன்று. பிழை விழுந்த இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய வாக்கியத்தையும் பாருங்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர் டேனியல் ஜில், உரைபெயர்ப்பு என்பது கேட்டல், நினைவில் வைத்தல், பேசுதல் என்ற மூன்று உழைப்புகளுக்கும் அவற்றை ஒருங்கிணைக்கும் நான்காவது உழைப்புக்கும் நடுவில் கயிற்றில் நடப்பது போன்றது என்று விளக்கினார். ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறையும். என் பதிவுகளில் அது அப்படியே தெரிந்தது. கடினமான பெயரையும் நீளமான எண்ணையும் சரியாகவே சொல்லியிருப்பேன். அதற்கு அடுத்து வந்த மிகச் சுலபமான வாக்கியம்தான் காணாமல் போயிருக்கும். அதைக் கண்டபின் என் பயிற்சியே மாறியது. கடினச் சொற்களை மனப்பாடம் செய்வதைக் குறைத்து, எண்ணும் பெயரும் வந்தால் உழைப்பே இல்லாமல் வெளியே வரும்படி பழகத் தொடங்கினேன்.

வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம். அதற்கு மேல் திட்டம் போட்டவர்கள் ஒரு மாதத்தில் விட்டுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பிழைக் குறிப்பேடு

ஒரு சின்ன நோட்டு. வேலை முடிந்து வண்டி ஏறுவதற்குள் ஒன்றிரண்டு வரி. பெயர், தேதி, இடம், வழக்கு எண் எதுவும் இருக்கக் கூடாது. நான் தடுமாறிய சொல்லோ வாக்கியமோ மட்டும். என் நோட்டில் திரும்பத் திரும்ப வருபவற்றைச் சொல்கிறேன், உங்கள் நோட்டிலும் இவை வரும் என்றே நினைக்கிறேன்.

நாம், நாங்கள். டாக்டர் ஆங்கிலத்தில் "அடுத்த வாரம் முடிவு செய்வோம்" என்கிறார். நோயாளியும் சேர்ந்தா, டாக்டர்கள் மட்டுமா? ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை. தமிழில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நாம் என்றால் நோயாளி நிமிர்ந்து உட்காருவார், நாங்கள் என்றால் காத்திருக்கப் போய்விடுவார். தெரியாவிட்டால் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அவங்க. "அவங்க அடிச்சாங்க" என்கிறார் சாட்சி. மரியாதைக்குரிய ஓர் ஆளா, ஆணா பெண்ணா, பல பேரா? ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று சொல். நீதிமன்றத்தில் நாமாக ஒன்றைத் தேர்ந்தால் சாட்சியத்தையே மாற்றிவிடுவோம்.

கை, கால். விரலிலிருந்து தோள் வரை நமக்குக் கை. பாதத்திலிருந்து தொடை வரை கால். விபத்து வழக்கில் 'லெக்' என்றீர்களா 'ஃபுட்' என்றீர்களா என்பதில் ஒரு மனிதரின் இழப்பீடு தொங்கும். பேசுபவர் தொட்டுக் காட்டினாரா என்று பாருங்கள், காட்டாவிட்டால் கேளுங்கள்.

உறவுகள். ஆங்கிலத்திலிருந்து வரும் 'பிரதர்' அண்ணனா தம்பியா? 'அங்கிள்' மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? மறுதிசையில் வேறு ஆபத்து. நம்மவர்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் அண்ணன் என்பார்கள். அதை அப்படியே 'பிரதர்' என்று சொல்லிவிட்டால் குடிவரவு அதிகாரியின் கோப்பில் இல்லாத ஓர் உறவு ஏறிவிடும். பிற்பாடு அந்த மனிதர் பொய் சொன்னதாக ஆகும்.

குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி. களைத்துப்போன பிற்பகல்களில் முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவது நாக்கில் வந்து நிற்கும். தீர்ப்பு வராதவரை யாரும் குற்றவாளி இல்லை.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாம் எப்போதும் பேசுபவரின் 'நான்' ஆகவே பேசுகிறோம் என்பதால், நம் சொந்தக் கேள்வியைப் படர்க்கையில்தான் கேட்க வேண்டும்: "உரைபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறார்." கேட்டதை மறு மொழிக்காரருக்கும் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை இரண்டு மொழியிலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பழகுங்கள். கேட்க வெட்கப்பட்டதால்தான் எனக்கு ஏழு வருடம் போனது.

யாருடைய தமிழ்?

நான் வளர்ந்த தமிழில் ஒருவர் பேசுவார், வாந்தி எடுப்பார், சளி பிடிக்கும், வழக்கறிஞரைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்தார் ஒருவர் கதைப்பார், சத்தி எடுப்பார், தடிமன் பிடிக்கும், சட்டத்தரணியைப் பார்ப்பார். அவர் 'ஓம்' என்றால் ஆமாம். 'வெளிக்கிட்டேன்' என்றால் புறப்பட்டேன். 'விளங்கேல்லை' என்றால் புரியவில்லை. இலங்கையில் வைத்தியர் என்றால் டாக்டர்தான். தமிழ்நாட்டுக்காரர் காதில் அது நாட்டு மருந்து கொடுப்பவர் என்று விழும். "முதல்ல வைத்தியரிட்டப் போனனான்" என்ற வாக்கியத்தை, டாக்டரிடம் போகாமல் நாட்டு வைத்தியம் பார்த்தார் என்று ஒரு இன்டர்பிரட்டர் சொல்லிவிட்டால் நோயாளி மேல் டாக்டருக்கு வரும் கோபத்தை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து கேட்பது ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் ஒலிபரப்பில் பல ஊர்த் தமிழும் வரும். வீட்டு வாடகை, வேலைச் சட்டம், மனநலம் என்று நம் வேலைக்கு நேரடியாகப் பயன்படும் பேச்சாகவும் இருக்கும். ஒரு பேட்டியைக் கேட்டு நீங்கள் சொல்லாத பத்துச் சொற்களை எழுதுங்கள். வேலை தொடங்கும் முன், யாருக்காக உரைபெயர்க்கப் போகிறோமோ அவரோடு ஓரிரு நிமிடம் பேச அனுமதி கிடைத்தால், பேச்சு புரிகிறதா என்று சரிபார்ப்பதோடு நிறுத்தி, அவர் எந்தத் தமிழ் பேசுகிறார் என்று காது கொடுங்கள். என் தமிழை அவர் பக்கம் நகர்த்துவது என் கடமை என்றே நினைக்கிறேன். அவர் ஏற்கெனவே அந்நிய இடத்தில் பயந்து உட்கார்ந்திருக்கிறார்.

சொல் தேடும் இடங்கள்

இங்கே தமிழுக்குக் கொஞ்சம் தட்டுப்பாடுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐயேட், ஐ.நா.வின் யுஎன்டெர்ம் ஆகிய பெரிய கலைச்சொல் தளங்களில் தமிழ் கிடையாது. ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான வரையறை தேட மட்டும் அவை உதவும். தமிழுக்கு நான் போகும் இடங்கள்: தமிழ்நாடு அரசின் சொற்குவை, இலங்கை அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகள், சிங்கப்பூர் அரசின் நான்கு மொழிச் சொற்கள் இருக்கும் எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர், தமிழ் விக்சனரி. பழைய சொல், வழக்கொழிந்த சொல் என்றால் 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அதை இலவசமாகத் தேடலாம்.

இவற்றைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை துண்டுப் பிரசுரங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் ஹெல்த் டிரான்ஸ்லேஷன்ஸ் தளத்தில் நோய், பரிசோதனை, ஒப்புதல் பற்றிய தாள்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஜோடியாகக் கிடைக்கும். அகராதி சொல்லைத் தரும், இவை வாக்கியத்தையே தரும். தமிழ்த் தாளில் மொழிபெயர்ப்பு மோசமாக இருந்தாலும் லாபமே. எது மோசம், நான் எப்படிச் சொல்வேன் என்று உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். பார்த்து மொழிபெயர்க்கும் பயிற்சியும் அதிலேயே ஆகிவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரே ஒரு தாள், முப்பது சொல். ஆங்கிலம், புத்தகத் தமிழ், ஆள் புரிந்துகொள்ளும் தமிழ் என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்திதான் உயிர். ஆனால் அதைப் பயன்படுத்துவதில் ஒரு நெறி உண்டு. டாக்டர் கடினமான சொல்லைச் சொன்னால் நானும் அந்தத் தரத்தில்தான் சொல்வேன். புரியவில்லை என்று நோயாளியின் முகம் சொன்னால், விளக்கும்படி டாக்டரிடம் கேட்பேன். விளக்கம் டாக்டருடையதாக இருக்க வேண்டும். என் எளிய விளக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க அந்த அறையில் யாரும் இல்லை.

எண்கள்

ஒரு மில்லியன் பத்து லட்சம். பத்து மில்லியன் ஒரு கோடி. ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இவ்வளவுதான் கணக்கு, ஆனால் காதில் 4.6 பில்லியன் விழும்போது வாயில் 460 கோடி வர வேண்டும், நடுவில் யோசனை இருக்கக் கூடாது. 1.37 மில்லியன் என்றால் 13 லட்சத்து 70 ஆயிரம். வீட்டில் யாரையாவது இருபது எண்களை மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்லி, தினம் மூன்று நிமிடம் ஒரு மாதம் செய்யுங்கள். மருந்தளவையும் தேதியையும் எண்ணையும் எப்போதும் எழுதிக்கொண்டே சொல்லுங்கள். இலங்கைத் தமிழர்களுக்கு மில்லியன் என்றே சொன்னால் பெரும்பாலும் போதும், அங்கே செய்திகளிலும் அப்படித்தான் வருகிறது.

வேகமாகப் படிப்பவரை நிறுத்தத் தயங்காதீர்கள். 1945 நவம்பரில் தொடங்கிய, நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணையில், நான்கு மொழி உரைபெயர்ப்பாளர்களுக்காக மஞ்சள் விளக்கும் சிவப்பு விளக்கும் வைத்திருந்தார்கள். மஞ்சள் எரிந்தால் மெதுவாகப் பேச வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். நீதிபதிகள் இருந்த மன்றமே அதற்கு உட்பட்டது. நாம் கை தூக்குவதில் ஒரு தவறும் இல்லை.

குறிப்பெடுப்பது

பேசுபவர் நிறுத்தும்வரை கேட்டுவிட்டுப் பிறகு உரைபெயர்க்கும்போது குறிப்பு வேண்டும். அதற்கு ஐ.நா.வில் பணிபுரிந்த ழான்-பிரான்சுவா ரோசான் 1956ல் வகுத்த ஏழு விதிகளைத்தான் இன்றும் உரைபெயர்ப்புப் பள்ளிகளில் சொல்லித்தருகிறார்கள். சொல்லை எழுதாதே, கருத்தை எழுது. பக்கத்தில் கிடையாக எழுதாதே, மேலிருந்து கீழாகப் படிபோல எழுது. இணைப்புச் சொல்லை விடாதே. அவர் கொடுத்த குறியீடுகள் இருபதுதான், அதிலும் பத்துதான் இன்றியமையாதவை என்றார். இருநூறு குறியீடு கற்றுத்தரும் வகுப்புகளைப் பார்த்தால் எனக்கு அந்தப் பத்துதான் நினைவுக்கு வரும்.

தமிழுக்கு நான் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில் வரும். "நான் அந்த வீட்டுக்கு அன்றைக்கு ராத்திரி அவரோட சேர்ந்து போக..." வரை எல்லாம் போனதுபோலவே இருக்கும், 'இல்லை' வந்து மொத்தத்தையும் கவிழ்க்கும். அதனால் ஒவ்வொரு குறிப்பின் இடப்பக்கமும் ஒரு விரல் அகலம் வெற்றிடம் விடுவேன். 'இல்லை' காதில் விழுந்ததும் அங்கே ஒரு பெருக்கல் குறி. ஆங்கிலத்தில் சொல்லும்போது கண் முதலில் அங்கேதான் போகும், மறுப்பு சரியான இடத்தில் முன்னால் வந்துவிடும். முடிந்ததும் குறிப்புத் தாளைக் கிழித்துவிடுங்கள், அல்லது அங்கேயே ஒப்படையுங்கள்.

இன்னொரு காது

தனியாகச் செய்யக்கூடியது இவ்வளவுதான். தன் பிழை தனக்கே நல்ல தமிழாகக் கேட்கும் இடம் ஒன்று வரும். அங்கே இன்னொருவர் வேண்டும்.

என்னைவிட மூத்தவர் ஒருவரோடு நான்கு வருடமாகப் பயிற்சி செய்கிறேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் நீதிமன்றங்களில் அதிகம் வேலை செய்பவர், நான் மருத்துவமனைகளில். செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம் வீடியோவில் சந்திப்போம். ஒருவர் படிப்பார், மற்றவர் உரைபெயர்ப்பார், பிறகு இடம் மாறுவோம். தொடக்கத்தில் 'நல்லா இருந்தது' என்று சொல்லியே ஒரு மாதத்தை வீணாக்கினோம். பிறகு அக்காதான் ஒரு விதி போட்டார்: "நல்லா இருந்துச்சுன்னு சொல்லாத. நான் என்ன விட்டேன், என்ன சேர்த்தேன், எந்தச் சொல்லுக்கு நீ வேற சொல்லு வச்சிருப்ப? மூணு மட்டும் சொல்லு." இன்றும் அதே மூன்றுதான். அவர் என்னைப் பற்றிச் சொன்னதில் மிகவும் வலித்தது, பெண்கள் பேசும்போது என் குரல் தணிந்துவிடுகிறது என்பது. அது உண்மை. அந்தப் பெண்கள் உரத்துப் பேசியபோதும் நான் தணிந்தே சொல்லியிருந்தேன்.

மாநாட்டுக் கூண்டில் வேலை செய்பவர்களுக்கு இந்த இன்னொரு காது இயல்பாகவே கிடைக்கும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள், ஓய்வில் இருப்பவர் எண்களையும் பெயர்களையும் எழுதிக் காட்டுவார். ஓய்வு என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரோடு நான் இரண்டாம் முறை உட்காருவதில்லை.

வகுப்பும் சான்றிதழும்

சான்றிதழ் வேண்டும். சம்பளத்துக்கும் மரியாதைக்கும் அது வேண்டும். ஆஸ்திரேலியாவின் நாட்டி அமைப்பு தமிழுக்கும் தேர்வு நடத்துகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க, செய்த வேலையின் கணக்கோடு 120 பயிற்சிப் புள்ளிகளையும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் என்சிஐஎச்சி என்ற மருத்துவ உரைபெயர்ப்புக் குழுமம் 2004ல் ஒன்பது நெறிகளையும் 2005ல் 32 செயல்முறை விதிகளையும் வெளியிட்டது. எந்த நாட்டில் வேலை செய்தாலும் அந்த 32ஐயும் ஒருமுறை படியுங்கள். இடையில் பேசலாமா, ஓய்வு கேட்கலாமா, தெரியாத துறை வேலையை மறுக்கலாமா என்ற சந்தேகங்கள் பெரும்பாலும் அதோடு தீரும். மாநாட்டு உரைபெயர்ப்பாளர்களின் பன்னாட்டுச் சங்கமாக 1953ல் தொடங்கிய ஏஐஐசி அமைப்பின் வேலை நிபந்தனைகளைப் படித்தால், நாம் எதையெல்லாம் கேட்டு வாங்கலாம் என்று தெரியும்.

ஆனால் பயிற்சிப் புள்ளி சேர்க்க என்று விற்கப்படும் வகுப்புகளில் பாதி, ஒருவர் இரண்டு மணிநேரம் ஸ்லைடு படிப்பது. பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: அந்த வகுப்பில் என் குரலை யாராவது கேட்பார்களா? தமிழ் தெரிந்தவர் கேட்பாரா? இரண்டுக்கும் இல்லை என்றால், அந்தத் துறையின் அறிவுக்காக மட்டும் போங்கள். நான் போனதில் மிகப் பயன்பட்ட ஒன்று உரைபெயர்ப்பு வகுப்பே அல்ல, முதலுதவி வகுப்பு. மயங்கி விழுந்தவருக்கும் தலை சுற்றியவருக்கும் செய்ய வேண்டியது எப்படி வேறுபடுகிறது என்று கையால் செய்து பார்த்தேன்.

காதும் மனமும்

காது போனால் தொழில் போயிற்று. சத்தம் 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம்தான் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் தந்த கணக்கு. ஒலி தெளிவாக இல்லாதபோது வால்யூமைக் கூட்டாதீர்கள். எதிர்முனையில் மைக்கைச் சரிசெய்யச் சொல்லுங்கள், முடியாவிட்டால் "ஒலி போதாததால் உரைபெயர்க்க இயலவில்லை" என்று சொல்லி நிறுத்துங்கள். வயர் உள்ள ஹெட்செட், வயர் உள்ள இணையம்.

மனத்தைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. சித்திரவதையிலிருந்து தப்பி வந்தவர் "என்னைக் கட்டித் தொங்கவிட்டார்கள்" என்கிறார். நானும் "என்னை" என்றுதான் சொல்கிறேன். வக்கீல் அதைக் கேட்கிறார், நான் அதை என் வாயால், தன்மையில், அவர் குரலின் ஏற்ற இறக்கத்தோடு சொல்கிறேன். இப்படி நாளுக்கு மூன்று பேர். ஒரு சமயம் மூன்று மாதம் அகதி வழக்குகளை நான் எடுக்கவே இல்லை, எடுக்க முடியவில்லை. நடுவில் என்னையறியாமல் "அவரை" என்று படர்க்கைக்குப் போவதுதான் எனக்கு முதல் அறிகுறி. அது நடந்தால் ஓய்வு கேட்கிறேன். முடிந்ததும் அடுத்த வேலைக்கு நேராகப் போகாமல் இருபது நிமிடம் நடக்கிறேன். அக்காவை அழைப்பேன். கேட்ட கதையைச் சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்வேன். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் ஆலோசகரைப் பாருங்கள். நம் ரகசியக் காப்பு அதற்குத் தடையில்லை.

இந்த வார நோட்டில் ஒரே ஒரு சொல் இருக்கிறது. ஓர் அம்மா நர்ஸிடம், "ராத்திரியில அந்தரமாக் கிடக்கு" என்றார். பதற்றமா, மூச்சுத் திணறலா, இருப்புக்கொள்ளாமையா? உரைபெயர்ப்பாளர் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறார் என்று சொல்லிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, நெஞ்சின் மேல் கையை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். சொன்ன சொல்லை அப்படியே சொல்லி, அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு என்றும் சொன்னேன். கை வைத்ததை நர்ஸே பார்த்தார். அதற்கு மேல் அவர் கேட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அக்காவிடம் கேட்க வேண்டும், அந்தரத்துக்கு அவர் என்ன சொல் வைத்திருக்கிறார் என்று.